முழங்காலுக்குக் கீழே ஒரு காடு

கடலூரிலிருந்து கெடிலம் ஆற்றை ஒட்டி மேற்கே போனால் திருமாணிக்குழி. அந்த வட்டாரத்துச் செம்மண் மேடுகளில் இன்னும் சில கோவில் காடுகள் மிச்சமிருக்கின்றன. அப்படி ஒன்றுக்குப் போன அன்றைக்கு, அய்யனார் சன்னதி முற்றத்தை ஒரு பாட்டி தென்னந்துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தார். ஓரமாகச் சருகுக் குவியல். கால் பட்டதும் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம்.

"இந்த நீட்ட எலை மட்டும் மக்கவே மாட்டேங்குது தம்பி. மழ பெஞ்சாலும் அப்படியே கெடக்குது. கொளுத்துனாத்தான் போவுது" என்றார்.

குனிந்து பார்த்தேன். குவியலில் இரண்டு வகை இருந்தது. ஒன்று, உள்ளங்கை அளவுகூட இல்லாத, முட்டை வடிவக் காசா இலை. அது பழுத்து, கறுத்து, ஓட்டை விழுந்து, தொட்டால் பொடியாகிற நிலையில் இருந்தது. இன்னொன்று பாட்டி சொன்ன நீட்ட இலை. அரிவாள்போல வளைந்து, தோல்மாதிரி விறைப்பாக, நேற்று விழுந்ததுபோல முழுசாக இருந்தது. காசா இந்தக் கரையோரத்துக் காட்டின் மரம். நீட்ட இலை அகேசியாவுடையது. ஆஸ்திரேலியாவிலிருந்தும் பப்புவா நியூகினியிலிருந்தும் வந்த மரம். காட்டுக்குள் ஒரு அகேசியாகூட இல்லை. வேலிக்கு வெளியே, பக்கத்துத் தோட்டத்தில் வரிசையாக நிற்கிறது. இலை மட்டும் காற்றில் உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

அயல் மரங்கள் நம் காட்டை என்ன செய்கின்றன என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் குவியல்தான்.

முதலில் நம் காடு எது என்று சொல்லியாக வேண்டும். கடலூர், புதுச்சேரிக்காரர்களிடம் காடு என்றால் முந்திரிக்காடு, சவுக்குக்காடு என்பார்கள். உண்மையான காடு பார்க்க ஊட்டிக்கோ கொல்லிமலைக்கோ போக வேண்டும் என்ற நினைப்பு எனக்கும் வெகுநாள் இருந்தது. ஆனால் இந்தச் சோழமண்டலக் கரைக்கென்று தனியாக ஒரு காடு உண்டு. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பது அதன் பாடப்புத்தகப் பெயர். 'உலர்' என்றும் 'பசுமை மாறாது' என்றும் ஒரே மூச்சில் சொல்வது முரணாகத் தோன்றும். ஆனால் அதுதான் அதன் சிறப்பு. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்த பிறகு பல மாதம் வானம் பார்த்த பூமிதான். அப்படியும் இந்த மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்பதில்லை. சின்ன, தடித்த, பளபளப்பான இலைகளை வைத்துக்கொண்டு கோடையைத் தாக்குப்பிடித்துவிடுகின்றன. உயரமும் அதிகமில்லை. பக்கத்தில் ஒரு தென்னை நின்றால் மேலிருந்து எட்டிப் பார்க்கும். அடர்த்தி மட்டும் அபாரம். கத்தரி வெயிலில் உள்ளே நுழைந்தால் கண் பழகவே சற்று நேரமாகும்.

காசா, வீரை, உலக்கைப் பாலை, நாவல், கொக்கொட்டை, காட்டெலுமிச்சை, எட்டி, உசில் என்று மரங்கள். களா, காரை, கொஞ்சி, சூரை என்று புதர்கள். மோதிரக்கண்ணி மாதிரி கொக்கி போட்டு ஏறும் கொடிகள். பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்தக் காயா இந்தக் காசாதான். கோடையில் கிளையோடு ஒட்டி நீலமாகப் பூத்துத் தள்ளும். ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த வருணனை ஏன் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் காடு இன்றைக்குத் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. பெரும்பாலும் சாமிக்குப் பயந்து விட்டுவைத்த துண்டுகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோவிலைச் சுற்றி இருப்பது அதில் பெரிய துண்டுகளில் ஒன்று. அங்கே பொங்கல் வைக்க வருகிறவர்கள் அதைக் காடு என்று சொல்வதில்லை. "நிழலா பாத்து வண்டிய போடுப்பா" என்பார்கள். அவ்வளவுதான் அதற்கு மரியாதை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் ந. பார்த்தசாரதியும் அவர் மாணவர்களும் 1990-களிலிருந்து இந்தத் துண்டுகளை மரம் மரமாக அளந்திருக்கிறார்கள். திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் காடுகளைப் பற்றிய அவர்கள் ஆய்வு 1997-இல் வெளிவந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளில் தெரியவந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்: பக்கத்துப் பக்கத்து ஊராக இருந்தாலும் ஒரு கோவில் காட்டில் முன்னணியில் நிற்கும் மரம் இன்னொன்றில் முன்னணியில் நிற்பதில்லை. ஒவ்வொன்றும் அதனதன் கலவை.

அசலூர்க்காரர் எல்லாம் ஆக்கிரமிப்பாளர் இல்லை

அயல் மரம் என்றாலே கோடாரியைத் தேடுகிற ஒரு கூட்டம் உருவாகியிருக்கிறது. அவர்களிடம் முந்திரியை என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டும். முந்திரி பிரேசில்காரன், போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. பண்ருட்டிப் பக்கம் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. குழந்தைகள் அடித்துத் தின்னும் கொடுக்காப்புளி மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. தூங்குமூஞ்சி மரம் தென் அமெரிக்கா. இவற்றில் பல, நட்ட இடத்தில் நிற்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தானாக முளைத்தாலும் காட்டை மடக்கிப் போடுவதில்லை.

சவுக்கும் அப்படித்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரை நெடுகச் சவுக்கு நட்டார்கள். ஊசிச் சருகு மெத்தையாக விழுந்து, அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து கிடந்த மணல் மேட்டை மூடிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அது நாம் நட்டதால் வந்த வினை. சவுக்கு தானாக நடந்துபோய் அய்யனார் காட்டுக்குள் புகுந்துகொள்வதில்லை.

ஊடுருவும் மரம் என்பது வேறு. மூன்று குணம் சேர்ந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். மனிதன் கை வைக்காமலே பெருக வேண்டும், நட்ட இடத்தை விட்டு வெகுதூரம் பரவ வேண்டும், போன இடத்தில் ஏற்கெனவே இருந்தவற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டும். நம் வட்டாரத்தில் இந்தக் கணக்குக்குள் வரும் பெரிய புள்ளிகள் மூன்று: சீமைக்கருவேலம், சவுண்டல், அகேசியா.

சீமைக்கருவேலத்தை நம் பக்கம் வேலிகாத்தான் என்பார்கள். மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் வடபகுதி வரை அதன் சொந்த மண். மதராஸ் மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த பெட்டோம் 1870-களில் விறகுக்கும் வறண்ட நிலத்துக்கும் ஆகுமென்று விதை கேட்டு வாங்கினார். கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் முதல் நடவு. காய் மஞ்சளாக, நீளமாக, சப்பிப் பார்த்தால் தித்திக்கும். ஆடும் மாடும் விடுமா? தின்ற விதை செரிப்பதில்லை. மேல்தோல் மட்டும் தேய்ந்து, முளைக்கத் தயாராக, சாணத்தோடும் புழுக்கையோடும் வந்து விழும். விதை, எரு, ஈரம் மூன்றும் ஒரே பொட்டலத்தில். மதிய வெயிலுக்கு மாடு படுக்கிற இடம் எது? கோவில் காட்டு ஓரம். நாற்றங்கால் அங்கேயே தயார்.

சவுண்டல், அதாவது சூபாபுல், ஆட்டுத் தழைக்காகப் பரப்பப்பட்டது. அதுவும் மெக்சிகோ பக்கம்தான். அற்புத மரம் என்று ஒரு காலத்தில் மேடை மேடையாகப் பேசினார்கள். உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவிகள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர்கள் போட்ட பட்டியலில் இன்றைக்கு அது இருக்கிறது. நட்டு ஓரிரு ஆண்டில் பூக்கத் தொடங்கி, பிறகு நிறுத்துவதே இல்லை. தன் பூவுக்குத் தானே மகரந்தம் போட்டுக்கொள்ளும். துணை தேட வேண்டியதில்லை. தட்டைத் தட்டையாகத் தொங்கும் காய்க் கொத்தில் நூற்றுக்கணக்கில் விதை. மரத்தடியைப் பார்த்தால் கீரைப் பாத்தி மாதிரி அதன் குஞ்சுகளே நெருக்கியடித்து நிற்கும். ஆடு தின்னட்டுமே என்றால் அதற்கும் அளவுண்டு. மிமோசின் என்றொரு பொருள் அந்த இலையில் இருக்கிறது. ஓவராகப் போனால் கால்நடைக்கு முடி கொட்டும்.

உழைத்த மரம்

அகேசியாவின் கதை மற்ற இரண்டைவிடச் சிக்கலானது. அதை வில்லனாகவும் ஆக்க முடியாது, கதாநாயகனாகவும் ஆக்க முடியாது.

1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு எப்படி இருந்தது என்று குயிலாப்பாளையம், இடையஞ்சாவடிப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கங்கே பனைமரம், மற்றபடி வெட்டவெளி. மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடி, கடல் நுரையே சிவப்பாக இருக்குமாம். நிலத்தில் ஆள் இறங்கிப் போகும் அளவுக்குப் பள்ளங்கள். அந்த நிலையில் வீரையையும் காசாவையும் நட்டால் ஒரு கோடை தாங்காது. நிழலில் முளைத்து நிழலில் வளரும் சாதி அவை. முதலில் வரப்புப் போட்டு நீரைத் தடுத்தார்கள். அப்புறம், எது பிழைக்கிறதோ அதை நட்டார்கள். பிழைத்தது அகேசியா. வெறும் சரளையிலும் வேர் ஓட்டி, வேர் முண்டுகளில் நுண்ணுயிர்களை வைத்துக் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்த்து, சில ஆண்டுகளில் நிழல் தந்தது. உழைக்கும் மரம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அதற்குச் செல்லப்பெயரே வைத்தார்கள்.

அதன் விதை முளைத்து வரும்போது உட்கார்ந்து கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். முதலில் விடும் இலை நம் கருவேல இலை மாதிரி சின்னச் சின்னதாகக் கோர்த்து, மென்மையாக இருக்கும். கொஞ்ச நாளில் அந்தச் சிற்றிலைகள் சிறுத்துக்கொண்டே வந்து நின்றுவிடும். அவற்றைத் தாங்கிய காம்பு மட்டும் அகலமாகி, தட்டையாகி, வளைந்து, இலை வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும். பாட்டி பெருக்கிய நீட்ட இலை உண்மையில் இலையே இல்லை, காம்பு. வறட்சிக்காகச் செய்த சரக்கு. அதனால்தான் மக்க மறுக்கிறது.

இப்போது அந்தச் சருகு ஒரு சாண் மொத்தத்துக்கு விரிந்து கிடக்கும் தரையில் ஒரு காசாப் பழம் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டாணி அளவுப் பழம். மழையில் முளைக்கும், வேர் விடும். வேர் சருகுக்குள் நாலு விரற்கடை இறங்குவதற்குள் வெயில் வந்துவிடும். மண்ணைத் தொடாமலே காய்ந்துவிடும். கொட்டை பெரிதாக உள்ள மரங்கள், சேமித்து வைத்த மாவுச்சத்தின் பலத்தில், மண்ணைத் தொட்டுவிடலாம். சின்ன விதைகளுக்கு வழியில்லை. அதாவது, சருகு எல்லாச் செடியையும் ஒன்றுபோல் தடுப்பதில்லை. சல்லடை மாதிரி சலிக்கிறது. சலித்து விழுகிற சில வகைகளே அடுத்த தலைமுறைக் காடு. மேலே நிற்பது எத்தனை வகையாக இருந்தாலும் கீழே வருவது சில வகைக்குள் சுருங்கிவிடும்.

அகேசியாவின் சொந்த விதைக்கு இந்தத் தடை பெரிதில்லை. காய் காதுமடல்போலச் சுருண்டு முறுக்கிக்கொள்ளும் (அதன் அறிவியல் பெயருக்கே 'காது வடிவம்' என்றுதான் பொருள்). வெடித்ததும் கறுப்பு விதை ஆரஞ்சு நிற நூலில் தொங்கும். கொண்டைக்குருவிக்கும் மைனாவுக்கும் அது பழம் மாதிரித் தெரிகிறது. தின்றுவிட்டு எங்கேயோ போய்ப் போடும்.

ஆனால் அதே கொண்டைக்குருவி அகேசியாக் கிளையில் உட்காரும்போது, வேறெங்கோ தின்ற நாட்டு மரத்து விதையையும் போட்டுவிட்டுப் போகிறது. பறவை உட்காரக் கிளை இல்லாத பொட்டலில் இது நடக்காது. அதனால் அகேசியாத் தோப்புக்குக் கீழே சருகு குறைவாக உள்ள இடங்களில் வேம்பும் கொஞ்சியும் காரையும் தலைகாட்டுவதைப் பார்க்கலாம். ஆரோவிலில் பிச்சாண்டிக்குளம் மாதிரி இடங்களில் காடு வளர்த்தவர்கள் இதைக் கண்டுகொண்டு, அகேசியா நிழலிலேயே நாட்டுக் கன்றுகளை நட்டு மேலே கொண்டுவந்தார்கள். பொட்டலில் செவிலித்தாய்; பழைய காட்டு ஓரத்தில் தலைவலி. ஒரே மரம்தான்.

பேரப்பிள்ளை இல்லாத வீடு

வளர்ந்த வீரையை எந்தச் சீமைக்கருவேலமும் கொல்வதில்லை. பாலை மரம் பல தலைமுறை நிற்கும். அதனால் சுற்றிலும் ஊடுருவல் நடந்துகொண்டிருக்கும்போதே காடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கணக்கெடுத்தால்கூட நன்றாகவே வரும். நாற்பது வகை மரம் இருந்த காட்டில் மூன்று புது வகை நுழைந்தால் நாற்பத்து மூன்று என்று காகிதத்தில் ஏறும். பல்லுயிர் கூடிவிட்டது என்று ஒருவர் அறிக்கை எழுதவும் முடியும்.

தலைக்கு மேலே எண்ணுவதால் வரும் பிழை இது. காட்டின் வரவு செலவு முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. ஒரு மரம் காட்டில் இருக்கிறது என்றால் அதன் நாற்று இருக்க வேண்டும், இடுப்பளவு வளர்ந்தது இருக்க வேண்டும், கைப்பிடி மொத்தத்தில் ஒன்று இருக்க வேண்டும், அப்புறம்தான் தாய்மரம். தாத்தா பாட்டி மட்டும் உட்கார்ந்திருக்கும் வீட்டைக் குடும்பம் தழைக்கிறது என்று யாராவது சொல்வார்களா? சூழலியலில் இதை அழிவுக் கடன் என்கிறார்கள். கடன் வாங்கிச் சாப்பிடும் குடும்பமும் தவணை வருகிற நாள் வரை செழிப்பாகத்தான் தெரியும்.

விதை விஷயத்திலும் இரு தரப்புக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். நாவல் கொட்டை மரத்தடியில் சில வாரம் கிடந்தால் உயிர் போய்விடும். உடனே ஈரமும் நிழலும் கிடைத்தால்தான் உண்டு. நம் காட்டு மரங்களில் சதைப்பழக்காரர்கள் பலருக்கும் இதே அவசரம். வேலிகாத்தான், சவுண்டல், அகேசியா மூன்றும் பயறுக் குடும்பம். கல் மாதிரித் தோல் கொண்ட விதை. மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். ஓரிடத்தில் வெளிச்சம் விழுந்தது என்றால் முதலில் எழுந்திருக்கப்போவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த மூன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு: இருட்டு ஆகாது. மூன்றுமே வெயில் பிள்ளைகள். முழு அடர்த்தியோடு நிற்கும் கோவில் காட்டின் நடுவே ஒரு சீமைக்கருவேலத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். ஓரத்தில் இருக்கும், பாதையோரத்தில் இருக்கும், புதிதாகச் சிமெண்டு மண்டபம் கட்டிய இடத்தைச் சுற்றி இருக்கும், வண்டி நிறுத்தத் திறந்துவிட்ட இடத்தில் இருக்கும், மின்கம்பிக்காக வகிடெடுத்த இடத்தில் இருக்கும். என் கணிப்பில் முதல் குற்றவாளி மரமே இல்லை. கதவைத் திறந்துவிட்ட நாம். திருப்பணி என்ற பெயரில் காட்டுக்குள் தரை ஓடு பதிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புது ஓரத்தை உண்டாக்குகிறோம். துண்டு சிறிதாக ஆக ஆக, அதில் ஓரத்தின் பங்கு பெரிதாகிக்கொண்டே போகும். கடைசியில் ஓரம் மட்டுமே காடாக இருக்கும்.

முன்னால் ஒரு விஷயத்தை மனதில் வைக்கச் சொன்னேனே, கோவிலுக்குக் கோவில் கலவை வேறு என்று. ஓரங்கள் வளர்ந்து எல்லாத் துண்டிலும் அதே மூன்று மரம், அதே உண்ணிச்செடி என்று ஆகும்போது தொலைவது அந்த வேறுபாடுதான். ஒரு காட்டுக்குள் எண்ணினால் இழப்பு சிறிதாகத் தெரியும். பத்துக் காட்டைச் சேர்த்துப் பார்த்தால், பத்து வெவ்வேறு ஊர்ச் சமையல் போய் ஒரே ஹோட்டல் சாப்பாடு ஆகிவிட்ட மாதிரி இருக்கும். கடலூரின் பழைய பெயர்களில் ஒன்று பாதிரி மரத்தால் வந்தது: திருப்பாதிரிப்புலியூர். சிதம்பரம் தில்லை மரத்தால் தில்லை. தில்லையைப் பார்க்க இன்றைக்கும் பிச்சாவரம் சதுப்புக்குப் போகலாம். அலை ஏறி இறங்கும் அலையாத்திக்குள் வேலிகாத்தான் கால் வைக்க முடியாது. ஆனால் நீரோட்டம் நின்று உப்புப் பூத்துக் காய்ந்த மேட்டு ஓரங்களில் அது நிற்கிறது. பாதிரியைத் தலவிருட்சமாகக் கோவிலுக்குள்தான் காட்டுகிறார்கள்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆரோவிலில் அகேசியாக்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. வேகமாக வளர்ந்த மரம். காற்றுக்கு எதிராக நிற்கும் உடம்பு இல்லை. ஒரே இரவில் தரை முழுக்க வெயில். சூழலியல் பார்வையில் அது ஒரு பெரிய பரீட்சை. கீழே நாட்டுக் கன்றுகள் ஏற்கெனவே இடுப்பளவு வந்திருந்த இடங்களில் அவை வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தன. கீழே ஒன்றுமில்லாத இடங்களில் மண்ணுக்குள் காத்திருந்த அகேசியா விதையும் சவுண்டலும் எழுந்தன. புயலுக்கு முந்தைய நாள் வரை மேலிருந்து பார்த்தால் இரண்டு இடமும் ஒரே பச்சை.

வெட்டினால் போதுமா?

சீமைக்கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது, அதன் நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு ஆதாரம் கிடையாது. அதன் மேல் சொல்லத் தகுந்த உண்மையான குற்றங்களே போதுமான அளவு உண்டு. நிலத்தடி நீரைத் தேடி ஆழமாக வேர் இறக்குகிறது; இலைச்சாற்றில் உள்ள பொருள்கள் மற்ற விதைகளின் முளைப்பைக் குறைக்கின்றன; ஏரிக்குள் புகுந்தால் தண்ணீர் நிற்கும் இடத்தைத் தின்கிறது. பொய்க் குற்றச்சாட்டில் ஒரு கெடுதல் உண்டு. ஆவேசத்தில் வெட்டுகிறவர்கள் நம் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறார்கள். அடையாளம் ரொம்பச் சுலபம்: நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் சாம்பல் நிறத்தில் மணிமாலை மாதிரி இடுக்கு இடுக்காக இருக்கும். வேலிகாத்தானின் பூ பூனைவால் மாதிரி நீண்ட கதிர். காய் இடுக்கில்லாத மஞ்சள் காய்.

எங்கள் பக்கத்து ஏரிக்கரை ஒன்றில் இது நடந்ததைப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனியன் தொப்பியோடு ஆட்கள், இரண்டு ஜேசிபி. மாலைக்குள் கரை வழுவழுவென்று ஆகிவிட்டது. வேலிகாத்தானோடு கருவேலமும் சங்கஞ்செடியும் கரையைப் பிடித்து நின்ற கோரையும் போயின. ஃபோட்டோ நன்றாக வந்தது. கார்த்திகை மழை முடிந்து போய்ப் பார்த்தபோது, கிளறிவிட்ட மண்ணில் விதைத்த மாதிரி வேலிகாத்தான் நாற்று. அரைகுறையாக அறுபட்ட தூர்களில் ஒன்று ஒன்பதாகத் துளிர்த்திருந்தது.

அந்த மரம் தரைக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் கழுத்தில்தான் மொட்டுகளை ஒளித்துவைத்திருக்கிறது. தரைமட்டத்தில் அறுப்பது முடி வெட்டிவிடுகிற மாதிரி. மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது கடப்பாரை போட்டு அந்தக் கழுத்தைக் கெல்லி எடுக்க வேண்டும். கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இது புரியும். அடுத்த விளைச்சல் வேண்டும் என்பதற்காக அவர்கள் வேண்டுமென்றே கழுத்தை விட்டுவிட்டு வெட்டுவார்கள்! அதற்கப்புறமும் தொடர்ந்து சில மழைக்காலம் நாற்றைக் கையால் பிடுங்க ஆள் வேண்டும். நிதி ஒதுக்கீடு பெரும்பாலும் ஜேசிபி வாடகையோடு தீர்ந்துவிடுகிறது. பிடுங்குகிற பெண்களின் கூலிக்கு வருவதில்லை.

2017-இல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் மாவட்டம் மாவட்டமாகச் சீமைக்கருவேல வேட்டை நடந்தது நினைவிருக்கலாம். அதே ஆண்டில் நீதிமன்றமே அதை நிறுத்திவைத்து, விளைவுகளை ஆராயச் சொன்னது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவித் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. அதன் பெயரிலேயே அகற்றுவதோடு சூழலை மீட்பதும் சேர்ந்திருக்கிறது. அது சரியான திசை. ஆனால் கவனமும் பணமும் பெரும்பாலும் முதுமலை, சத்தியமங்கலம் போன்ற மேற்குக் காடுகளுக்கும் அங்கே பரவிய மஞ்சள் கொன்றைக்கும் உண்ணிச்செடிக்கும் போகிறது. யானை இருக்கும் காட்டுக்குக் கிடைக்கிற கவனம் அய்யனார் குதிரை இருக்கும் காட்டுக்குக் கிடைப்பதில்லை. நம் துண்டுகள் பல வனத்துறைக் கணக்கிலேயே இல்லை. கோவில் நிலம், புறம்போக்கு, பட்டா என்று கலந்து கிடக்கின்றன.

அகற்றிய இடத்தில் வைக்கக் கன்று எங்கே என்பது அடுத்த சிக்கல். நர்சரிக்குப் போனால் புங்கன், வேம்பு, பூவரசு, நாவல் கிடைக்கும். வீரை கேட்டால் முழிப்பார்கள். இந்த மரங்களின் பழம் எப்போது பழுக்கும் என்று தெரிந்து, விழுந்த சில நாளில் பொறுக்கி, சதையை அலசி, உடனே விதைக்க வேண்டும். ஆறு மாதம் டப்பாவில் வைத்திருந்து சுற்றுச்சூழல் தினத்துக்கு எடுக்கிற வேலை நடக்காது.

பாட்டியின் கோவில் காட்டுக்குத் திரும்புவோம். சருகைக் கொளுத்துவது அங்கே பெரிய ஆபத்து. தீ ஓரத்து நாற்றுகளையெல்லாம் தீய்த்துவிட்டு, கல்தோல் விதையின் தூக்கத்தைக் கலைத்துவிடும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஊர்ப் பையன்கள் சிலர் பேசியிருக்கிறார்கள். அகேசியாவை மொத்தமாக வெட்ட அவர் சம்மதிக்கவில்லை. விலை ஏறட்டும் என்கிறார். வேலியை ஒட்டிய வரிசையில் கிளை கழிக்க மட்டும் ஒப்புக்கொண்டார். சருகைக் கொளுத்தாமல் அள்ளித் தென்னைப் பாத்தியில் மூடாக்காகப் போட ஏற்பாடு. ஐப்பசி முதல் மழையில், கிளை கழித்த பக்கம் சருகை விலக்கி, பத்துப் பன்னிரண்டு காசாக் கன்று வைத்தார்கள். பாட்டி பெருக்கும்போது மிதித்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றையும் சுற்றி உடைந்த மண்குதிரைத் துண்டுகள்.

ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். பிழைத்தவை ஏழு. பெரியது என் முழங்காலை எட்ட இன்னும் ஒரு சாண் பாக்கி.